காய்ச்சல் காலத்து வேட்டை

உலக வரைபடத்தை விரித்து லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் ஒரு விரலை வையுங்கள். அங்கிருந்து நேர்கோட்டில் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். ஸ்பெயினின் மாட்ரிட் 3,900 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 5,500. லண்டன் அதைவிடப் பக்கம். 2014-ல் ஆப்பிரிக்க வேட்டைப் பயணத்தை ரத்து செய்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தூரத்தைப் பார்த்திருப்பார்கள்?

அந்த ஆண்டு ஆகஸ்ட் 8-ம் தேதி, மேற்கு ஆப்பிரிக்க எபோலாவை உலக சுகாதார அவசரநிலையாக அறிவித்தது உலக சுகாதார நிறுவனம். கினி, லைபீரியா, சியரா லியோன் என்ற மூன்று நாடுகளை அந்த நோய் சூறையாடியது. அடங்குவதற்குள் 28,600-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, 11,300-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. ஆனால் பயணத்தை ரத்து செய்யச் சொல்லும் தொலைபேசி மணி அடித்தது அந்த மூன்று நாடுகளில் அல்ல. கண்டத்தின் மறுகோடியில் இருக்கும் நமீபியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியாவின் வேட்டை முகாம்களில். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் முன்பணம் கட்டியிருந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஆப்பிரிக்கா என்றாலே ஒரே ஊர் என்ற நினைப்பு.

அந்தப் பரவலில் நமீபியா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா மூன்றிலும் ஒருவருக்குக்கூட எபோலா வரவில்லை. அக்டோபரில், ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதல் முறையாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அது தொற்றியது மாட்ரிட்டில். நோயாளியைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர் ஒருவருக்கு.

பயந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தொலைக்காட்சியில் வெள்ளை உடுப்பும் முகக்கவசமுமாகப் பிணம் தூக்குகிறவர்களைப் பார்த்தவனுக்கு வரைபடம் நினைவுக்கு வராது. ஆனால் தவறான இடத்தில் வைத்த பயம், சரியான இடத்தில் இருக்க வேண்டிய கவனத்தைத் தின்றுவிடுகிறது. கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போகிறவரின் உடம்பைக் கெடுப்பது பெரும்பாலும் தலைப்புச் செய்தியில் இருக்கும் நோய் அல்ல. அவர் கையில் இருக்கும் கத்தியும், காலில் ஏறும் உண்ணியும், ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சலை அவர் மறைப்பதும்தான்.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்று கேட்கலாம். இந்தியாவில் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பொழுதுபோக்கு படிப்படியாக முடிந்துபோனது. அது முடிந்ததில் இந்தக் கட்டுரையாளருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் கேமராவோடு போகிற தமிழர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிக்காரரைக் கடிக்கும் அதே ஈ, அதே கொசு, அதே உண்ணிதான் கேமராக்காரரையும் கடிக்கும். வேட்டைக்காரருக்குக் கூடுதலாக இருப்பது ஒன்று: அவர் விலங்கின் ரத்தத்தைத் தொடுகிறார். அதனால், காட்டுக்கும் மனித உடம்புக்கும் நடுவே உள்ள வாசல்கள் எவை என்று தெரிந்துகொள்ள அவரைப் பின்தொடர்வதைவிட நல்ல வழி இல்லை.

மலேரியா என்ற பழைய எதிரி

2023-ல் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 5,97,000 பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 95 சதவீதம் ஆப்பிரிக்காவில். மேற்கு ஆப்பிரிக்க எபோலா இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்து எடுத்த உயிர்களை மலேரியா ஒரே வாரத்தில் எடுத்துவிடுகிறது. இது தலைப்புச் செய்தி ஆவதில்லை. வழக்கமாக நடப்பது செய்தி ஆகாது.

ஆனால் ஆப்பிரிக்கா முழுவதும் மலேரியா என்று நினைப்பதும் அந்த ‘ஒரே ஊர்’ நினைப்புதான். தென் ஆப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் வேட்டைக்குப் போகிறவருக்கு மலேரியா மாத்திரை தேவையே இல்லை. லிம்போபோ, ம்புமலங்கா மாகாணங்களின் தாழ்நிலக் காடுகளுக்கு, குரூகர் பூங்காவை ஒட்டிய பகுதிகளுக்குப் போனால் நிலைமை வேறு. நமீபியாவில் விண்ட்ஹுக்கைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பயம் குறைவு. வடகிழக்கே கவாங்கோ, ஜாம்பெசி ஆற்றோரம் போனால் மாத்திரை இல்லாமல் தூங்கக் கூடாது. எந்த நாடு என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. எந்த மாவட்டம், எந்த மாதம் என்று சொல்ல வேண்டும்.

மாத்திரைகளில் மூன்று வழக்கத்தில் உள்ளன. அட்டோவாகோன்-ப்ரோகுவானில் தினம் ஒன்று. போவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகு ஏழு நாள் சாப்பிட வேண்டும். டாக்ஸிசைக்ளினும் தினசரி மாத்திரைதான், விலை குறைவு. ஆனால் திரும்பிய பிறகு நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். அது தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். நாள் முழுக்கத் திறந்த வண்டியில் நின்று வருகிறவருக்குக் கழுத்தும் கையும் வெந்துபோகும். மூன்றாவது மெஃப்ளோகுவின், வாரம் ஒரு முறை. கெட்ட கனவு, தலைசுற்றல், மனக்குழப்பம் சிலருக்கு வரும். கையில் துப்பாக்கி பிடிக்கப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் எண்ணம், முடிவு மருத்துவருடையது.

தவறு நடப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகு. முகாமில் ஒழுங்காக மாத்திரை போட்டவர், விமானம் ஏறியதும் ‘முடிந்தது’ என்று நிறுத்திவிடுகிறார். ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கி, ரத்தத்துக்குள் இறங்கச் சில நாள் எடுத்துக்கொள்ளும். கடைசி நாள் மாலை கடித்த கொசு தன் வேலையைக் காட்டும்போது மனிதர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

காய்ச்சலுக்கு இரண்டு அர்த்தம்

கொள்ளைநோய் உண்மையிலேயே மாற்றிவிடுவது ஒன்றை. சாதாரண நாளில் காய்ச்சல் வெறும் காய்ச்சல். பரவல் காலத்தில் அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டுகிறார்கள். வரிசையில் நிற்கும்போது உடம்பு கொதிக்கிறது. தனி அறையில் அடைத்துவிடுவார்களோ என்று பயந்து இரண்டு பாராசிட்டமால் விழுங்கி, வெப்பத்தை இறக்கிக்கொண்டு கடந்துபோகிறவர்கள் உண்டு. அவர் ஏமாற்றுவது அதிகாரியை அல்ல. பொல்லாத வகை மலேரியா சிகிச்சை இல்லாமல் ஓரிரு நாளில் மூளையைத் தாக்கிவிடும். வெப்பமானியை ஏமாற்றிய அந்த நாள்தான் சிகிச்சைக்கு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நாள்.

எதிர்ப்பக்கத்திலும் ஆபத்து இருந்தது. 2014 செப்டம்பரில் லைபீரியாவிலிருந்து அமெரிக்காவின் டல்லாஸுக்கு வந்த ஒருவர் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார். எங்கிருந்து வந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குறிப்பு சிகிச்சை முடிவுக்குள் வந்து சேரவில்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளில் ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். அக்டோபர் 8-ம் தேதி இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் இருவருக்கு எபோலா தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள்.

அதன் பிறகு பயம் மறுகோடிக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து காய்ச்சலோடு வந்தவர்களை எபோலா சந்தேகத்தில் தனிமைப்படுத்தினார்கள். அமெரிக்காவில் அப்படிச் சோதிக்கப்பட்டவர்களிடம் அதிகமாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோய் மலேரியா. சிலருக்கு அந்த மலேரியாச் சோதனையே தள்ளிப்போனது, எபோலாவாக இருக்குமோ என்று ரத்தத்தைத் தொட ஆய்வுக்கூடம் தயங்கியதால். தலைப்புச் செய்தி நோய் தொடாமலே ஒருவரைச் சாகடிக்க இது ஒரு வழி.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். பயணக் காப்பீடு கொள்ளைநோய்க் காலத்தில் செல்லுமா? காய்ச்சல் உள்ள நோயாளியைக் காப்பீட்டு நிறுவனத்தின் விமானம் ஏற்றிக்கொள்ளுமா, அல்லது நோய் இன்னது என்று உறுதியாகும் வரை தரையில்தான் இருக்க வேண்டுமா? முகாமிலிருந்து ரத்தச் சோதனை செய்யக்கூடிய மருத்துவமனை எத்தனை மணி நேரத் தூரம்? காட்டுக்குள் ஆறு மணி நேரம் என்றால், மலேரியாவைக் கண்டறியும் விரைவுச் சோதனைப் பட்டையையும் அவசரச் சிகிச்சைக்கான ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரையையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுச் சுவரில் தொங்கவிடும் குடு மானின் கொம்புக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டுகிறவர் இதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

தோலுரிக்கும் கொட்டகை

ஒவ்வொரு வேட்டை முகாமின் பின்புறமும் ஒரு கொட்டகை இருக்கும். சிமென்ட் தரை, நடுவே வடிகால், மேலே இரும்புத் தண்டவாளத்தில் கொக்கிகள், மூலையில் கல் உப்பு மூட்டை. வண்டியின் பின்னால் கொண்டுவந்த இம்பாலா மானைப் பின்னங்கால் முட்டியில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தூக்குவார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட தோலுரிப்பவர் குட்டைக் கத்தியை இரண்டு இழு இழுத்துத் தீட்டிவிட்டு, காலின் உள்பக்கத்தில் கோடு போடுவார். இருபது நிமிடத்தில் தோல் சட்டை கழற்றுவதுபோல் இறங்கிவிடும். வெளிநாட்டு விருந்தாளி உற்சாகத்தில் ‘நானும் கொஞ்சம்’ என்று கை நீட்டுவது இங்கேதான். அவர் விரலில் காலையில் முள் கீறிய காயம் இருக்கும். கையுறை இருக்காது.

கொட்டகையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. உடல் குளிர ஆரம்பித்ததும் அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கிவிடும். செத்த உடம்பில் அவற்றுக்கு வேலை இல்லை. அடுத்த சூடான உடம்பைத் தேடும். பக்கத்தில் நிற்கும் மனிதக் கால்கள்தான் அது.

கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல் இப்படிப் பரவக்கூடியது. ஹயலோமா என்ற உண்ணி அதைச் சுமக்கிறது. கடித்தாலும் வரும், உண்ணியை விரலால் நசுக்கினாலும் வரும், புதிதாக வெட்டிய விலங்கின் ரத்தம் காயத்தில் பட்டாலும் வரும். ரத்தத்தில் வைரஸ் இருக்கும் அந்தச் சில நாட்களிலும் விலங்கு ஆரோக்கியமாகத்தான் தெரியும். 1996-ல் தென் ஆப்பிரிக்காவின் உட்ஸ்ஹூர்ன் ஊரில் நெருப்புக்கோழி அறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர்களிடையே இது பரவியது. அவர்கள் யாரும் காட்டுக்குள் போனவர்கள் அல்ல.

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலும் இதே வாசலில் நுழைகிறது. நல்ல மழை பெய்து பள்ளங்களில் தண்ணீர் தேங்கும் ஆண்டில், மண்ணில் காத்திருந்த கொசு முட்டைகள் பொரித்து நோய் ஆடுமாடுகளில் பரவும். பண்ணையில் ஆடுகள் கூட்டமாகக் கருச்சிதைந்தால் அதுதான் முதல் அடையாளம். 2010-ல் தென் ஆப்பிரிக்காவில் அந்தப் பரவல் 200-க்கும் மேற்பட்ட மனிதர்களைப் பிடித்தது. பெரும்பாலானோர் விவசாயிகள், பண்ணை வேலையாட்கள், கால்நடை மருத்துவர்கள், அதாவது விலங்கைத் தொட்டவர்கள். வேட்டைக்குப் போகும் பண்ணையில் மழை எப்படி, ஆடு எப்படி என்று விசாரிப்பது வெறும் உபசாரப் பேச்சு அல்ல.

எபோலாவே இந்த வாசலில் நுழைந்திருக்கிறது. 1996-ல் காபோனின் மயிபூ கிராமத்தில், காட்டில் செத்துக் கிடந்த சிம்பன்சியைத் தூக்கி வந்தார்கள். முதலில் காய்ச்சலில் விழுந்தவர்கள் அதை அறுத்தவர்கள். அவர்களிடமிருந்து வீட்டாருக்குப் பரவி, 21 பேர் இறந்தார்கள். தானாகச் செத்த விலங்கைத் தொடாதே என்பது அந்த மண்ணில் உயிர் கொடுத்து வாங்கிய அறிவு.

அடைப்பான் என்று நம் ஊர்க் கால்நடைக்காரர்கள் சொல்லும் ஆந்த்ராக்ஸும் இதையே சொல்லும். நமீபியாவின் எட்டோஷா பூங்காவில் அது மண்ணிலேயே குடியிருக்கிறது. வரிக்குதிரையும் யானையும் ஆண்டுதோறும் விழும். 2017 அக்டோபரில் அதே நாட்டின் ப்வாப்வாட்டா பூங்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்யானைகள் ஆற்றில் செத்து மிதந்தபோது அதிகாரிகள் சந்தேகித்தது இந்த நோயைத்தான். 2023-ல் ஜாம்பியாவின் தென்பகுதியில், செத்துக் கிடந்த காட்டெருமைகளின் இறைச்சியை எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கு முகத்திலும் கையிலும் புண் வந்தது. அந்த ஆண்டு நோய் நாட்டின் பெரும்பாலான மாகாணங்களுக்குப் பரவியது. மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடிந்து கிடக்கும் உடலைக் கத்தியால் திறந்தால், உள்ளே இருக்கும் கிருமி காற்றுப் பட்டு விதையாகி, பல்லாண்டு அந்த மண்ணில் கிடக்கும். உங்கள் குண்டில் விழாத விலங்கு உங்கள் விலங்கு அல்ல. அதிகாரிக்குச் சொல்லிவிட்டு விலகி நடக்க வேண்டும்.

உங்கள் குண்டில் விழுந்த விலங்கின் இறைச்சியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். கொன்ற உடல் விறைத்து ஆறும்போது தசையில் அமிலத்தன்மை ஏறும். காங்கோ காய்ச்சல் வைரஸ் அதைத் தாங்காது. நன்றாக வெந்த இறைச்சி பாதுகாப்பானது. கரடி இறைச்சியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 2005-ல் கனடாவின் வடக்கு கியூபெக்கில் கருங்கரடி வேட்டையாடிய பிரெஞ்சுக்காரர்கள் அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டு, ஊருக்கும் கொண்டுபோய்ப் பகிர்ந்துகொண்டார்கள். ட்ரைகினெல்லா என்ற புழு அவர்களைப் பிடித்தது. பன்றி இறைச்சியில் வரும் வகை உறைபெட்டியில் சாகும். வடதுருவப் பக்கத்து வகை சாகாது. உள்ளே 74 டிகிரி செல்சியஸ் ஏறும் வரை வேகவைப்பது ஒன்றே வழி.

எச்சில் வடிக்கும் மான்

நமீபியாவில் மட்டும் நடக்கும் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விட முடியாது. வெறிநோய் என்றால் நமக்கு நாய் நினைவுக்கு வரும். அங்கே குடு மான். திருகிய கொம்பும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட, பார்க்க அத்தனை கம்பீரமான அந்த மானிடம் 1977-ல் ரேபிஸ் தொடங்கி, 1980-களின் நடுப்பகுதி வரை பல்லாயிரக்கணக்கில் கொன்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி கிளம்பியது. கடித்துப் பரவும் நோய் இலைதழை தின்னும் மானிடம் எப்படி இவ்வளவு வேகமாக ஓடியது? கூட்டமாக வாழும் இந்த மான்கள் ஒன்றையொன்று நக்கும். ஒரே முட்செடியில் வாய் வைக்கும். முள் குத்திய வாயில் அடுத்த மானின் எச்சில் படும். ஆராய்ச்சியாளர்கள் இந்த வழியைத்தான் சந்தேகிக்கிறார்கள்.

நோய் பிடித்த குடு மனிதனைக் கண்டு ஓடாது. வேலி தாண்டிப் பண்ணை வீட்டு முற்றத்துக்கு வந்து நிற்கும். நாய் குரைத்தாலும் அசையாது. தாடையிலிருந்து நுரை தொங்கும். புதிதாக வந்த வேட்டைக்காரருக்கு இது கைக்கு எட்டிய அதிர்ஷ்டமாகத் தெரியும். நல்ல கொம்பாக இருந்தால் ஆசை மீறும். பழகிய பண்ணைக்காரர் தூரத்திலேயே தடுத்துவிடுவார். தலையை அறுத்து மண்டை ஓட்டைச் சுத்தம் செய்யும் வேலையில், மூளையும் எச்சிலும் தெறித்துக் கண்ணில் பட்டால் போதும்.

நோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லை. முன்கூட்டியே போடும் தடுப்பூசி உண்டு. ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதைப் போட்டவருக்கு, பிறகு ஏதேனும் பட்டாலும், தொலைதூரக் காட்டில் கிடைக்காத இம்யூனோகுளோபுலினைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டு ஊசி போட்டால் போதும். நமீபியாவில் வேட்டையாடப் போகிறவருக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

நீலச் சட்டை வேண்டாம்

தான்சானியா, ஜாம்பியா, ஜிம்பாப்வேயின் வேட்டைக் காடுகளில் செட்ஸி ஈ இருக்கிறது. வண்டி ஓடினால் துரத்தி வரும். அசையும் பெரிய உருவத்தை எருமை என்று நினைத்துக்கொள்ளும் பிறவி. மெல்லிய சட்டையைத் துளைத்துக் கடிக்கும். கொசுவுக்குப் பூசும் தைலத்தை அது பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். அந்தக் காடுகளில் மரத்தில் தொங்கும் நீலம், கறுப்புத் துணிகளைப் பார்த்து அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. மருந்து தோய்த்த செட்ஸி பொறிகள் அவை. ஜீன்ஸ் பேன்ட் போட்டு அந்தக் காட்டுக்குள் போகிறவர் தானே பொறியாகிவிடுகிறார். காக்கி, மண் நிறம், கனமான துணி என்று போவது நல்லது.

அந்த ஈ கொண்டுவரும் தூக்க நோயின் கிழக்கு ஆப்பிரிக்க வகை வேகமானது. கடித்த இடத்தில் வலியுள்ள தடிப்பு, பிறகு கடும் காய்ச்சல். விட்டால் சில மாதத்தில் மூளையில் ஏறி உயிரை எடுக்கும். 2001-ல் தான்சானியாவின் செரெங்கெட்டி, தரங்கிரே பூங்காக்களுக்குப் போன சுற்றுலாப் பயணிகள் சிலருக்கு இது வந்து, ஐரோப்பிய மருத்துவர்களைத் திணறடித்தது. அவர்கள் யாரும் வேட்டைக்காரர்கள் அல்ல.

உண்ணிக்கு வேறு உபாயம். தென் ஆப்பிரிக்கப் புல்வெளியில் அம்ப்ளியோமா என்ற வகை, புல் நுனியில் சும்மா காத்திருக்காது. மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து ஓடி வரும். அதன் குஞ்சுகள் மிளகுப் பொடி தூவியதுபோல் காலில் ஏறும். அங்கே அவற்றுக்குப் பெயரே ‘பெப்பர் டிக்’. ஒரு வாரம் கழித்துக் கடும் தலைவலி, கழுத்து வலி, காய்ச்சல். தோலில் ஒன்றோ பலவோ, நடுவில் கறுத்துப் பொருக்குத் தட்டிய புண். ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். வேட்டையாடித் திரும்புகிறவர்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் இரண்டொரு நாளில் அடங்கும். தடுக்கும் வழி: பெர்மெத்ரின் மருந்து தோய்த்த பேன்ட், அதைக் காலுறைக்குள் சொருகுவது, மாலையில் குளிக்கும்போது அக்குள், தொடை இடுக்கு, முட்டிப் பின்புறம் என்று தேடுவது. ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சி சுடுவது, விரலால் நசுக்குவது இரண்டும் கூடாது.

குகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உகாண்டாவின் மரமகம்போ காட்டில் பைதான் குகை இருக்கிறது. உள்ளே பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில். 2007 டிசம்பரில் அங்கே போன அமெரிக்கப் பெண் ஒருவருக்கு மார்பர்க் என்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல் வந்தது; அவர் பிழைத்தார். 2008-ல் போன டச்சுப் பெண் ஒருவர் அதே நோயில் இறந்தார். இருவரும் எதையும் கொல்லவில்லை. வேட்டைக்கு நடுவே ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று வழிகாட்டி குகைக்குக் கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பக்கம் போகும் நோய்

வருகிறவருக்கு என்ன ஆகும் என்று மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம். வருகிறவர் கொண்டுபோவதும் உண்டு. 1880-களின் பிற்பகுதியில் இத்தாலியப் படைக்காக எரித்திரியாவில் இறக்கிய மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று பல வரலாற்று நூல்கள் எழுதுகின்றன. பத்து ஆண்டுக்குள் அது கண்டத்தின் தென்முனை வரை மாடுகளையும் காட்டெருமைகளையும் வாரிக்கொண்டுபோனது. பஞ்சத்தில் மனிதர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். பூட்ஸைத் தேய்த்துக் கழுவு, காய்ந்த இறைச்சியைப் பெட்டியில் வைக்காதே என்று சுங்கத்தில் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். தென் ஆப்பிரிக்காவில் கோமாரி இன்றும் பெருந்தலைவலி.

பிறகு அந்தக் கொட்டகையில் நிற்கும் மனிதர். வெளிநாட்டு விருந்தாளி பத்து நாளில் ஓரிரு விலங்கைத் தொடுவார். தோலுரிப்பவர் பருவம் முழுக்கத் தினமும் தொடுகிறார். காப்பீட்டு விமானம் அவருக்கு வராது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கிராமச் சுகாதார நிலையத்து வரிசைதான். நமீபியாவின் சமூகக் காப்புவனங்களில் சுட்ட விலங்கின் இறைச்சி ஊருக்குப் போகிறது. அதை வெட்டிப் பங்கிடும் பெண்களும் அந்த ரத்தத்தைத் தொடுகிறார்கள். நைட்ரைல் கையுறை நூறு அடங்கிய ஒரு பெட்டி பெரிய சுமை அல்ல. தனக்கு ஒன்று, கொட்டகைக்கு நாலு என்று கொண்டுபோகலாம். கண்ணுக்கான கவசமும் இரண்டு சேர்த்து. இதை நான் தருமமாகச் சொல்லவில்லை. காங்கோ காய்ச்சல் கொட்டகைக்குள் வந்தால் முதலில் அவரைப் பிடிக்கும், அடுத்தது அவர் பக்கத்தில் நிற்கிறவரை. சளி, காய்ச்சலோடு விமானம் ஏறுகிறவர் முகாமுக்குள் போய், ஒரே வண்டியில் தடம் பார்ப்பவரோடு தோள் உரசி உட்காருவதும் இதே கணக்கில்தான் வரும்.

திரும்பி வந்த பிறகு

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு: உகாண்டா, எத்தியோப்பியா, கென்யா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.  சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். பிறகு ஆயுளுக்கும் செல்லும். அது இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். கடைசி வாரத்தில் ஓடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

எபோலா அல்லது மார்பர்க் இருக்கும் பகுதிக்குப் போயிருந்தால் 21 நாள் தினம் இரு முறை வெப்பம் பார்த்து எழுதி வையுங்கள். அதற்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குள் நேராக நுழையாமல், முதலில் தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் தயாராக இருப்பார்கள். அங்கெல்லாம் போகாதவருக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் வரும் எந்தக் காய்ச்சலும் மலேரியா என்றே எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரத்தம் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரின், ப்ரூஃபென் எதுவும் அதுவரை வேண்டாம். ரத்தக்கசிவு நோயாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

மருத்துவரிடம் ‘ஆப்பிரிக்கா போனேன்’ என்றால் பாதிதான் சொன்னதாகும். எந்த மாவட்டம், எந்தத் தேதி, என்ன விலங்கைத் தொட்டீர்கள், கையுறை போட்டிருந்தீர்களா, உண்ணி கடித்ததா, குகைக்குள் போனீர்களா, மாத்திரையை எந்த நாளில் நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உடம்பில் கறுத்த புண் இருந்தால் சட்டையைக் கழற்றிக் காட்டுங்கள். தமிழ்நாட்டு மருத்துவர்களுக்கு அது புதிதல்ல. வேலூரிலும் சென்னையிலும் ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிகளின் இடுப்பிலும் அக்குளிலும் அதே மாதிரிக் கறுத்த பொருக்கைத் தேடிப் பழகியவர்கள், அதே டாக்ஸிசைக்ளினைக் கொடுத்துப் பழகியவர்கள். மலேரியாச் சோதனை முதல் முறை ‘இல்லை’ என்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பன்னிரண்டு முதல் இருபத்து நாலு மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.